வீட்டில் மொனிட்டர் ஸ்பீக்கர்: அறிகுறி பார்த்துப் பிழை பிடிக்கும் வழி

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றி, டைனமோவில் றேடியோ கேட்ட ஊர் எங்களுடையது. அதனால்தானோ என்னவோ, கரண்ட் வந்து கையில் கொஞ்சம் காசும் சேர்ந்தபின் வன்னியில் பலர் நல்ல சத்தத்தைத் தேடிப் போகிறார்கள். ஸ்டூடியோக்காரர் பாவிக்கும் மொனிட்டர் ஸ்பீக்கரை வீட்டில் பாட்டுக் கேட்க வாங்குவது அந்தத் தேடலில் ஒரு நல்ல வழி. அம்பிளிபயர் உள்ளேயே இருக்கும், இடம் பிடிக்காது, கொடுத்த காசுக்குச் சத்தம் தெளிவு.

ஆனால் வாங்கிய ஒரு கிழமைக்குள் "அண்ணை, இது பழுது போல கிடக்கு" என்று போன் வரும். பரந்தனில் இருந்து முள்ளியவளை வரைக்கும் இப்படிப் போய்ப் பார்த்த வீடுகளில், பெட்டிக்குள் உண்மையிலேயே பழுது இருந்தவை சில மட்டும்தான். மற்றதெல்லாம் கேபிள், பிளக், சுவர். ஆகவே பெட்டியைக் கழட்டவோ விற்கவோ முன்னர், உங்கள் வீட்டு அறிகுறி எது என்று பார்த்து அந்தத் தலைப்பில் தொடங்குங்கள். ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்யுங்கள். மூன்றைச் சேர்த்து மாற்றினால் எது சரி செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

வெளிநாட்டில் இருந்து வந்தது, இன்னும் பிளக்கில் போடவில்லை

இது அறிகுறி இல்லைத்தான். ஆனால் இதைப் பார்க்காமல் விட்டால் வரும் அறிகுறி புகை.

கனடாவில் இருக்கும் சொந்தக்காரர் கொண்டுவந்து தந்ததென்றால் பின்புறத்தில் வயர் செருகும் இடத்துக்குப் பக்கத்தில் எழுதியிருப்பதை வாசியுங்கள். அங்கே கரண்ட் 120 வோல்ட், இங்கே 230. "100–240" என்று இருந்தால் பயமில்லை, பிளக் முனையை மட்டும் மாற்றினால் போதும். 115, 230 என்று தள்ளும் சிறிய சுவிட்ச் இருந்தால், செருக முன்னர் அதை 230க்குத் தள்ளுங்கள். சில மொடல்களில் பியூஸையும் அதற்கேற்ற அளவில் மாற்றச் சொல்லியிருக்கும்; அதையும் வாசியுங்கள். வெறும் 120 என்று மட்டும் இருந்தால், 230ஐ 120 ஆக்கும் ஸ்டெப்டவுன் டிரான்ஸ்போமர் இல்லாமல் தொடவே வேண்டாம். லண்டன், ஜேர்மனி, பிரான்ஸ் பக்கத்தில் இருந்து வந்தவற்றில் பெரும்பாலும் இந்தச் சிக்கல் இல்லை, அங்கும் 230தான். என்றாலும் வாசித்துவிட்டுச் செருகுங்கள்.

செருகி, "டப்" என்று சத்தம் வந்து கருகல் மணமும் வந்துவிட்டதா? திரும்பப் போட்டுப் பார்க்க வேண்டாம். நேரே திருத்துபவரிடம் கொண்டுபோங்கள்.

பாட்டு வருகிறது, பாடகரைக் காணவில்லை

எனக்கு மிகப் பிடித்த பிழை இது. பயமுறுத்தும், ஆனால் சில நூறு ரூபாய் கேபிளில் தீரும்.

விசுவமடுவில் ஒரு தம்பி இரண்டு நாள் நித்திரை இல்லாமல் இருந்தார். வயலின் கேட்கிறது, எதிரொலி கேட்கிறது, குரல் மட்டும் தூரத்துக் கிணற்றுக்குள் இருந்து வருவதுபோல. அவருடைய அப்பா ஆசையாகக் கேட்கும் பழைய பாட்டுகள் போட்டால் ஏறக்குறைய ஒன்றுமே கேட்கவில்லை. "பழைய பாட்டு இதில வேலை செய்யாதாம்" என்று யாரோ சொல்லியும் விட்டார்கள்.

நடந்தது இதுதான். போனில் இருந்து வரும் சிறிய ஸ்டீரியோ ஜாக்கை, மறுமுனையில் பெரிய ஸ்டீரியோ ஜாக் உள்ள ஒற்றைக் கேபிளால் மொனிட்டரின் பலன்ஸ்ட் துளையில் செருகியிருந்தார். அந்தத் துளை இடது வலது என்று இரண்டை எதிர்பார்ப்பதில்லை; தனக்கு வரும் இரண்டு கம்பிகளுக்கும் உள்ள வித்தியாசத்தை மட்டும் எடுக்கும். குரல் இரண்டு பக்கமும் ஒரே அளவில் பதிவாவது வழக்கம், அதனால் அது கழிந்து போகிறது. பழைய மோனோப் பதிவில் இரண்டு பக்கமும் ஒன்றேதான், அதனால் பாட்டு முழுவதும் கழிந்து போகிறது.

பார்க்க வேண்டியது: பெரிய ஜாக்கின் முனையில் எத்தனை கறுப்பு வளையம்? இரண்டு வளையம் உள்ள ஜாக் போனில் இருந்து நேரே வந்தால் பிழை. வாங்க வேண்டியது, ஒரு முனையில் சிறிய ஸ்டீரியோ ஜாக், மறுமுனையில் பிரிந்து இரண்டு பெரிய மோனோ ஜாக், ஒவ்வொன்றிலும் ஒரு வளையம். மொனிட்டரில் ஆர்சிஏ துளை (ரீவியின் பின்னால் இருக்கும் சிவப்பு, வெள்ளை வட்டத் துளை போன்றது) இருந்தால் சிறிய ஜாக்கில் இருந்து இரண்டு ஆர்சிஏ வரும் சாதாரண கேபிளே போதும். ரீவிக்கு வாங்கிய கேபிள் வீட்டில் எங்காவது கிடக்கும், முதலில் அதைத் தேடுங்கள்.

கேபிள் சரி, குரலும் இருக்கிறது, ஆனால் நடுவில் நிற்காமல் அறை முழுக்கப் பரவி, பேஸும் மெலிந்து கேட்கிறதா? ஒரு பெட்டிக்கு மட்டும் கரண்ட் வயர் போய், அதிலிருந்து மற்றப் பெட்டிக்கு மெல்லிய இரட்டை வயர் போகும் வகை என்றால், அந்த வயரின் சிவப்பும் கறுப்பும் ஒரு முனையில் மாறியிருக்கும். மாற்றிப் போடுங்கள்.

உம்ம் என்று இரைகிறது

முதல் வேலை: பாட்டு வரும் கேபிளை மொனிட்டரில் இருந்து கழட்டுங்கள். கரண்ட் இருக்கட்டும், வொலியூமும் அதே இடத்தில் இருக்கட்டும். இப்போது கேளுங்கள்.

*கேபிளைக் கழட்டியதும் இரைச்சல் நின்றுவிட்டது*

பெட்டி நல்லாயிருக்கிறது. கேபிளைத் திரும்பப் போட்டு, செலவில்லாத வழியில் தொடங்குங்கள்.

லப்டொப்பின் சார்ஜரைக் கழட்டி பட்டரியில் ஓடவிடுங்கள். இரைச்சல் நின்றால் குற்றவாளி பிடிபட்டுவிட்டது. அப்புறம் லப்டொப், மொனிட்டர் இரண்டையும் ஒரே மல்டி பிளக்கில் போட்டுப் பாருங்கள். வெவ்வேறு சுவரில் இருந்து கரண்ட் எடுக்கும்போதுதான் இது கூடுதலாக வரும். ரீவியில் இருந்து எடுக்கிறீர்கள் என்றால் டிஷ் வயரை ஒருமுறை கழட்டிப் பாருங்கள். கூரையில் இருந்து வரும் அந்த வயரும் ஒரு எர்த் பாதைதான்.

இன்னும் நிற்கவில்லையா? பாட்டை அனுப்பும் கருவியில் பலன்ஸ்ட் வெளியீடு இருந்தால் ஆர்சிஏயை விட்டுவிட்டு அதற்கு மாறுங்கள். அது இல்லாதவர்கள் இப்படி இரண்டு எர்த் பாதை கேபிள் வழியே சேர்வதைத் துண்டிக்க, கேபிளின் நடுவே போடும் கிரவுண்ட் லூப் ஐசொலேற்றர் என்ற சிறிய பெட்டியை வாங்கலாம். பேஸ் கொஞ்சம் குறையலாம், ஆனால் இரைச்சல் போகும்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள். மூன்று முள் பிளக்கின் எர்த் முள்ளை வெட்டினால் இரைச்சல் நிற்கும் என்று சொல்லித் தருபவர்கள் இருக்கிறார்கள். நிற்கும். உள்ளே ஒரு வயர் கழன்று தகட்டில் பட்ட அன்று, பின்புறத் தகட்டில் கை வைக்கிறவர் உயிரும் நிற்கும். ஒரு வீட்டில் இப்படி வெட்டிய பிளக்கைக் கண்டேன், பக்கத்தில் நான்கு வயதுப் பிள்ளை விளையாடிக்கொண்டிருந்தது. பாட்டுக் கேட்க முதல் அந்தப் பிளக்கை மாற்றிவிட்டுத்தான் கதைத்தோம்.

*கேபிளைக் கழட்டியும் இரைகிறது*

வேறு அறையில், வேறு சொக்கெட்டில் போட்டுப் பாருங்கள். அங்கே நின்றால் முதல் சொக்கெட்டின் எர்த்தில் சந்தேகம். பின்புறத் தகடு விரலில் கிணுகிணு என்று இழுப்பதாக எப்போதாவது உணர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. கரண்டை நிறுத்திவிட்டு மின்வேலை தெரிந்தவரைக் கூப்பிடுங்கள். சொக்கெட்டில் எர்த் வயர் இணைக்காமலே பூசி மூடிய சுவர்களைப் பார்த்திருக்கிறேன். எர்த் கம்பி சரியாக இறங்கிய வீட்டிலும், ஆடி ஆவணிக் கோடையில் நிலம் காய்ந்து வெடித்தபின் அது வடிவாக வேலை செய்யாது. கம்பியடியில் தண்ணீர் ஊற்றி வைக்கச் சொல்வது அதனால்தான்.

எங்கே போட்டாலும் ஒரே இரைச்சல், அதுவும் ஒரு பெட்டியில் மட்டும் என்றால் உள்ளே கப்பாசிட்டர் போயிருக்கலாம். எங்கள் வெயிலுக்கு அவை கெதியாகக் காய்ந்துபோகும். இது திருத்துபவரின் வேலை. பிளக்கைக் கழட்டியபின்னும் கப்பாசிட்டரில் கரண்ட் தேங்கி நிற்கும், நீங்கள் திறக்க வேண்டாம்.

*கரண்ட் போன நேரத்தில் மட்டும் சுர்ர் என்று வருகிறது*

இன்வேர்ட்டரில் ஓடுகிறீர்கள். மலிவான இன்வேர்ட்டர் தரும் கரண்ட் சுத்தமான அலை இல்லை. ஸ்பீக்கர் பழுதில்லை, ஆனால் அதில் தொடர்ந்து ஓட்டுவதும் நல்லதில்லை. கரண்ட் வரும்வரை போனிலேயே கேளுங்கள், அல்லது சுத்த அலை தரும் இன்வேர்ட்டருக்கு மாறுங்கள். கரண்ட் இருக்கும்போதே சுர்ர் என்றால் வெளிச்சம் கூட்டிக் குறைக்கும் டிம்மரையும் மலிவு எல்இடி விளக்குகளையும் ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள்.

ஸ்ஸ் என்ற மெல்லிய சத்தம்

ட்வீட்டரில் (கீச்சுச் சத்தம் தரும் சிறிய ஸ்பீக்கரில்) காதை வைத்துக் கேட்டீர்களா, கதிரையில் இருந்து கேட்டீர்களா? கதிரையில் கேட்கவில்லை என்றால் அது பழுது இல்லை. உள்ளே அம்பிளிபயர் இருக்கும் எந்தப் பெட்டியிலும் இது கொஞ்சம் இருக்கும்.

கதிரையிலும் கேட்டால் வொலியூமைப் பாருங்கள். பலர் மொனிட்டரை முழுக்கத் திருகிவிட்டுப் போனில் குறைக்கிறார்கள். தலைகீழாகச் செய்யுங்கள்: போன் முக்காலுக்கு மேல், மொனிட்டர் கீழே. பின்புறத்தில் +4, −10 என்ற சுவிட்ச் இருந்தால் +4 பக்கம் தள்ளிப் பாருங்கள், சத்தமும் இரைச்சலும் சேர்ந்து இறங்கும். பிறகு போனில் சத்தத்தைக் கூட்டலாம். ஒரு பெட்டி மற்றதைவிடத் தெளிவாகக் கூட இரைந்தால் மட்டும் திருத்துபவர்.

ஒரு பக்கம் மட்டும் கேட்கிறது

போனின் செட்டிங்கில் இடது வலது சமநிலைக் கோடு ஒரு பக்கம் தள்ளுப்பட்டிருக்கும். பிள்ளைகள் கையில் போன் இருக்கும் வீடென்றால் முதலில் இதைப் பாருங்கள்.

அது சரியென்றால், மொனிட்டர் முனையில் மட்டும் இரண்டு கேபிளையும் மாற்றிச் செருகுங்கள். செத்த பக்கம் மாறவில்லையா, பெட்டியில் பிழை. மாறிவிட்டதா, கேபிளிலோ பாட்டு வரும் இடத்திலோ பிழை. பின்னர் மறுமுனையில் மாற்றினால் அந்த இரண்டில் எது என்று தெரிந்துவிடும். இரண்டு நிமிட வேலை. இதைச் செய்யாமல் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஏ9 வழியே யாழ்ப்பாணம் வரை போய்வந்தவர் உண்டு. போன பெட்டி நல்ல பெட்டி, கேபிள் வீட்டில்.

பெட்டியில்தான் பிழை, விளக்கும் எரியவில்லை என்றால் பியூஸ். பிளக்கைக் கழட்டிவிட்டு, வயர் செருகும் இடத்துக்குக் கீழே உள்ள சிறிய இழுப்பறையைத் திறந்து, அதே அளவு பியூஸை ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். திரும்பவும் எரிந்தால் நிறுத்திவிட வேண்டும். சிகரெட் தாளோ செப்புக் கம்பியோ சுற்றக் கூடாது. விளக்கு எரிகிறது, சத்தம் இல்லை என்றால் திருத்துபவர்தான். பின் துளையால் எறும்பு போய்க் கூடு கட்டுவதும் பல்லி போய் உள்ளே உள்ள மின்பலகையில் ஒட்டிச் சாவதும் இங்கே சாதாரணம். மாதக் கணக்கில் பாவிக்காமல் வைப்பவர்கள் துளையை மெல்லிய துணியால் மூடி வையுங்கள்.

தானாக நித்திரையாகிறது

இரவில் மெதுவாகக் கேட்கும்போது மட்டும் அணைந்தால் அது ஓட்டோ ஸ்டான்ட்பை. சத்தம் மிகக் குறைவாக வந்தால் யாரும் கேட்கவில்லை என்று நினைத்து நின்றுவிடும். பின்னால் சுவிட்ச் இருந்தால் நிறுத்துங்கள், இல்லாவிட்டால் போனைக் கூட்டி மொனிட்டரைக் குறையுங்கள்.

மத்தியானத்தில் அணைந்தால் சூடு. திரைச்சீலையும் சுவரும் சேர்ந்து பின்தகட்டை மூடியிருக்கும். தோட்டத்து மோட்டர் இறைக்கும் நேரத்தில் அணைந்தால் வோல்ட் விழுகிறது. மின்வேலை தெரிந்தவரைக் கொண்டு அந்த நேரத்திலேயே அளக்கச் செய்யுங்கள். காலையில் அளந்து "சரியாக இருக்கு" என்றால் அது பதிலே இல்லை.

பேஸ் முழங்குகிறது, அல்லது பேஸே இல்லை

இரண்டும் ஒரே தலைப்பில் வரக் காரணம், பல வீடுகளில் இரண்டும் ஒரே அறையில் இருக்கும். கட்டிலில் இருந்து கேட்டால் தவிலின் தொப்பிப் பக்கம் நெஞ்சில் இடிக்கும்; இரண்டடி முன்னே வந்தால் தவில் வற்றிப்போகும். பெட்டியைக் குறை சொல்ல முதல் கதிரையை நகர்த்துங்கள்.

எங்கள் வீட்டுத்திட்ட வீடுகளின் அறைகள் சிறியவை, நாலு பக்கமும் பூசிய சுவர், கீழே சீமெந்து. பத்தடிச் சுவர் 56, 57 ஹேர்ட்ஸ் பக்கத்தில் முழங்கும். நீளமும் அகலமும் பத்தடி என்றால் இரண்டும் ஒரே இடத்தில் சேர்ந்து முழங்கும். சத்தத்துக்குச் சதுர அறைபோல் பொல்லாதது இல்லை. அறையை இடிக்க முடியாது. செய்யக்கூடியவை இவை.

பெட்டிகளை மூலையில் இருந்து வெளியே எடுங்கள். மூலை இரண்டு சுவரின் பேஸையும் கூட்டித் தரும். பின்சுவரில் இருந்து ஒரு அடியாவது விலக்குங்கள். விலக்க முடியாவிட்டால் பின்புறத்தில் பேஸ் குறைக்கும் சுவிட்ச் இருக்கிறதா பாருங்கள். யமஹா எச்எஸ்5 என்ற மொனிட்டரில் ரூம் கொன்ட்ரோல் என்ற பெயரில் −2, −4 என இருக்கிறது. சுவரோடு வைத்தால் −2இல் தொடங்குங்கள். பின்னால் துளை உள்ள பெட்டி என்றால் ஒரு காலுறையைச் சுருட்டித் துளையில் செருகியும் பார்க்கலாம்.

நீங்கள் இருக்கும் இடமும் பின்சுவரோடு ஒட்டக் கூடாது, அறையின் நட்ட நடுவும் கூடாது. இரண்டுக்கும் இடையில் அரையடி அரையடியாக நகர்ந்து, தவில் சீராகக் கேட்கும் இடத்தில் கதிரையைப் போடுங்கள்.

அப்புறம் மேசை. மெல்லிய பலகை மேசை தானே ஒரு மேளம். நான் பலருக்குச் செய்து கொடுத்தது சீமெந்துக் கல்லை அடுக்கி, மேலே பழைய ரியூப் றப்பர்த் துண்டு விரித்து, அதன்மேல் பெட்டி. ட்வீட்டர் காது உயரத்துக்கு வரவேண்டும். இரண்டு பெட்டிக்கும் இடையில் நாலடி என்றால், ஒவ்வொன்றில் இருந்தும் உங்களுக்கும் நாலடி.

முழக்கத்தை விழுங்கத் தடிப்பான, மெத்தென்ற சாமான் வேண்டும். மெல்லிய முட்டை மட்டையை ஒட்டுவதால் பேஸ் குறையாது. தும்பு மெத்தையை மூலையில் நிமிர்த்தி வைத்தால் கொஞ்சம் குறையும். முரசுமோட்டையில் ஒரு மாஸ்ரர் வீட்டில் மாசி மாதம் போனபோது அறை அவ்வளவு அருமையாகக் கேட்டது. காலபோக நெல்லை மூட்டையாக இரண்டு மூலையிலும் கூரைக்குக் கிட்ட அடுக்கியிருந்தார். நெல்லை விற்றபின் போன் பண்ணினார்: "தம்பி, முழக்கம் திரும்பி வந்திட்டுது." இப்போது அதே மூலைகளில் பழைய மெத்தைகளும் துணி மூட்டைகளும் நிற்கின்றன. நெல் அளவுக்கு இல்லாவிட்டாலும் பரவாயில்லை என்கிறார்.

குறிப்பிட்ட ஒரு பேஸ் வரும்போது மட்டும் "கிர்ர்" என்றால் பெட்டியைச் சந்தேகிக்க முன்னர் கூரைத் தகரம், யன்னல் கண்ணாடி, அலுமாரிக் கதவு எல்லாவற்றிலும் கை வைத்து அழுத்திப் பாருங்கள்.

கரகரக்கிறது

வொலியூம் திருகும்போது மட்டும் என்றால் உள்ளே புழுதி. பிளக்கைக் கழட்டி, இருபது முப்பது தரம் முழுக்கத் திருகுங்கள். பலதடவை அதோடு சரி. போகாவிட்டால் திருத்துபவர் கிளீனர் அடித்துத் தருவார். ஜாக்கை அசைக்கும்போது என்றால் கேபிள், அல்லது துளை தளர்வு. எப்போதும், மெதுவான சத்தத்திலும் கரகரத்தால் வூஃபரை (பேஸ் தரும் பெரிய கூம்பை) சுற்றியுள்ள விளிம்பு வெடித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். வெடித்திருந்தால் விளிம்பு மாற்ற வேண்டும். மாற்றும் செலவைப் புதுப் பெட்டி விலையோடு ஒப்பிட்டு முடிவு எடுங்கள்.

ஒரு பழுதும் இல்லை, ஆனால் பாட்டுப் பிடிக்கவில்லை

இதையும் ஒரு அறிகுறியாக எடுக்கிறேன், ஏனென்றால் அதிகம் காசு போவது இதில்தான். "காது குத்துது", "பேஸ் காணாது", "முந்தின பொக்ஸ்தான் நல்லம்."

முதலில் இரண்டு கிழமை பொறுங்கள். பேஸை ஊதிக் காட்டும் பெட்டிக்குப் பழகிய காது திரும்ப நாள் எடுக்கும். பெட்டிகளைச் சற்று வெளிப்பக்கம் திருப்பி ட்வீட்டர் நேரே காதைக் குத்தாமல் வையுங்கள். பின்னால் ட்வீட்டரைக் குறைக்கும் சுவிட்ச் இருந்தால் −2. தரையில் பாய், யன்னலுக்குத் தடித்த திரை. பாட்டையும் பாருங்கள்: வட்ஸ்அப்பில் கைமாறி கைமாறி வந்த கோப்பு மொனிட்டரில் அழுக்காகத்தான் கேட்கும்.

இவ்வளவும் செய்து பிடிக்கவில்லை என்றால் உங்கள் காதில் குறை இல்லை, தெரிவில் குறை. மொனிட்டர் செய்யப்பட்டது பிழையைக் காட்ட. யமஹா என்எஸ்-10 என்ற வெள்ளைக் கூம்புப் பெட்டி 1978இல் வீட்டுக்கென்றே வந்தது. வீடுகளில் எடுபடவில்லை, பிழையை ஒளிக்காமல் காட்டியதால் உலகம் முழுக்க ஸ்டூடியோக்களில் ஏறி உட்கார்ந்து 2001 வரை விற்றது. ஸ்டூடியோவுக்கு நல்லது வீட்டுக்கும் நல்லதாக இருக்க வேண்டும் என்று இல்லை.

மாற்றப் போகிறவர்களுக்கும் இனி வாங்கப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது: மேசையில் லப்டொப்பின் இரு பக்கமும் வைக்க மூன்றரை அல்லது நாலு அங்குல வூஃபர் போதும். பத்தடி அறையில் ஒருவர் இருந்து கேட்க ஐந்து அங்குலம். அதே அறைக்கு எட்டு அங்குலம் வாங்கினால் முழக்கத்தைக் காசு கொடுத்து வாங்குகிறீர்கள். குடும்பமே விறாந்தையில் இருந்து கேட்பதென்றால் மொனிட்டரே வேண்டாம், அது ஒரு கதிரைக்குச் செய்த சாமான். சாதாரண ஹைஃபை ஸ்பீக்கரும் அம்பிளிபயரும் பாருங்கள். மொனிட்டரில் பெரும்பாலும் சத்தம் கூட்டிக் குறைக்க ரிமோட் இல்லை, திருகும் பலவற்றில் பின்னால் இருக்கும் என்பதையும் யோசியுங்கள்.

கடைத்தாளில் எழுதியிருப்பதை எப்படி வாசிப்பது? எவ்வளவு தாழ்ந்த பேஸ் வரை இறங்கும் என்பதற்கு, எச்எஸ்5 க்கு 54 ஹேர்ட்ஸ் என்று இருக்கும். அது சத்தம் 10 டெசிபெல் விழுந்தபின் உள்ள கணக்கு. 3 டெசிபெல் கணக்கில் 74தான். இரண்டு பெட்டியை ஒப்பிடும்போது ஒரே கணக்கில் ஒப்பிடுங்கள். அதேபோல் அதன் 70 வோட்ஸ் உண்மையான 70. பிஎம்பிஓ என்ற ஊதிய உச்சக் கணக்கில் ஆயிரக் கணக்காக எழுதிய பெட்டியோடு அதை ஒப்பிட்டு ஏமாற வேண்டாம். கடைக்குப் போகும்போது உங்களுக்கு மனப்பாடமான ஒரு பாட்டையும், ஒரு குரலும் தம்புராவும் மட்டும் உள்ள ஒரு பதிவையும் போனில் கொண்டுபோங்கள். குரல் பெட்டியில் ஒட்டாமல் இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டும்.

இடிக்குப் பிறகு செத்துவிட்டது

சித்திரையிலும் ஐப்பசியிலும் பின்னேரம் மேகம் கறுத்தால் சுவிட்சை நிறுத்துவது போதாது. பிளக்கைக் கழட்டுங்கள், ரீவியோடும் இணைய வயரோடும் தொடுத்த கேபிளையும் கழட்டுங்கள். மின்னல் டிஷ் வயரால் வந்து மொனிட்டரின் பாட்டுத் துளையால் நுழைந்த வீடுகள் இருக்கின்றன.

இடிக்குப் பிறகு விளக்கு எரியாவிட்டால் பியூஸ் ஒருமுறை, அவ்வளவுதான். திருத்துபவரிடம் போகும்போது இரண்டு பெட்டியையும் கொண்டுபோங்கள். நல்ல பெட்டியைப் பார்த்துத்தான் செத்த பெட்டியை அளப்பார். பாவித்த கேபிளையும், எந்த நேரம், எந்தச் சொக்கெட், அந்த நேரம் வேறு என்ன ஓடியது என்பதையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோங்கள். உள்ளே உள்ள பலகை முழுக்க மாற்ற வேண்டும் என்றால் விலையை முதலில் கேட்டு, கழட்டிய பழைய பலகையையும் கையில் வாங்கிக்கொண்டு வாருங்கள்.